குட்டிக் கைக்கு எந்தக் கலர்?

குழந்தை கிறுக்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்ததும், யாராவது ஒருவர் அந்தப் பெரிய பெட்டியைப் பரிசாக வாங்கி வந்துவிடுவார்கள். திறந்தால் இரண்டு தட்டு. மேல்தட்டில் ஸ்கெட்ச் பேனா வரிசை. கீழே மெலிசான கிரேயான்கள், கலர் பென்சில்கள், சட்டைப் பொத்தான் அளவில் வாட்டர் கலர் வில்லைகள், நாலே நாலு மயிர் வைத்த ஒரு பிரஷ், குட்டி ஸ்கேல், கிளிப், ரப்பர். அட்டையில் '150 பொருள்கள்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தை அதைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் தரையில் கொட்டும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கோடு இழுத்துப் பார்க்கும். வில்லையில் பிரஷைத் தேய்த்தால் கலர் ஏறாது. கிரேயானைக் கொஞ்சம் அழுத்தினால் முறியும். கலர் பென்சில் போட்ட கோடு கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் குழந்தை எழுந்து போய்விடும். இதற்குப் படம் வரைவதில் நாட்டமில்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

பழியைக் குழந்தைமேல் போடுவதற்குமுன் பொருளைக் கொஞ்சம் சந்தேகப்படலாம். 1960களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் கிப்சன், பேட்ரிஷியா யோனாஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒன்றேகால் வயது முதல் மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகள் வரை, அவர்களிடம் இரண்டு கருவிகளைக் கொடுத்தார்கள். ஒன்று தாளில் கோடு விழும் கருவி. மற்றது அதே மாதிரி இருக்கும், ஆனால் எதுவும் பதியாது. கோடு விழாத கருவி கையில் இருந்தபோது குழந்தைகள் கிறுக்குவது வெகுவாகக் குறைந்துபோனது. கையை ஆட்டுவதில் கிடைக்கும் சுகம் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. தான் செய்ததற்கு ஒரு தடம் கண்ணெதிரே தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கலர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே வந்துவிடுகிறது: இந்தப் பொருள், இந்தக் குழந்தையின் கைப்பலத்துக்கு, எவ்வளவு தடம் விடும்? எத்தனை நிறம், என்ன விலை, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கைப்பலம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் அது வயதுக்கு வயது மாறும். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியப் பல வருடங்கள் ஆகும். தசையும் நரம்பும் அதே போலப் படிப்படியாகத்தான் வசத்துக்கு வரும். ஒன்று, ஒன்றரை வயதில் குழந்தை கிரேயானை முழு முஷ்டியாகப் பிடிக்கும். அசைவு தோளிலிருந்து வரும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் தாளை நோக்கிக் கீழே திரும்பும், முழங்கை வேலை செய்யும். மூன்றரை, நான்கில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கத் தொடங்கும். அசைவு மணிக்கட்டுக்கு இறங்கும். விரல்கள் மட்டும் தனியாக அசைந்து சின்னச் சின்னக் கோடு போடுவது பெரும்பாலும் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில். இது தோராயக் கணக்குதான். ஒரு குழந்தை ஆறு மாதம் முன்னே இருக்கும், இன்னொன்று பின்னே இருக்கும், அதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை.

தோளால் வரைகிற குழந்தைக்குக் கலர் பென்சில் கொடுப்பது வீண். கலர் பென்சிலின் உள்ளே இருப்பது நிறமியோடு களிமண் போன்ற நிரப்பியும் மெழுகும் பிசினும் சேர்ந்த கெட்டியான குச்சி. கூர் முனை தாங்குவதற்காகவே அப்படிக் கெட்டியாகச் செய்கிறார்கள்; அதனாலேயே நிறம் வர நன்றாக அழுத்த வேண்டும். கிரேயான் பாரஃபின் மெழுகில் நிறமி கலந்தது, அதைவிட மென்மை. ஆனால் கிரேயானுக்குக் கிரேயான் வித்தியாசம் உண்டு. நிறமியைக் குறைத்து மெழுகையும் நிரப்பியையும் கூட்டினால் தயாரிப்புச் செலவு குறையும். தாளில் வழுக்கிக்கொண்டு போகும், வெளிறிய பூச்சு மட்டும் மிஞ்சும். கடையில் பிரித்துப் பார்க்க முடிந்தால் ஒரு வெள்ளைத் தாளில் பலமே கொடுக்காமல், கிரேயானின் எடையை மட்டும் விட்டு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு மூன்றடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். மஞ்சளைக் கொண்டு சோதித்தால் இன்னும் நல்லது, மட்டமான பெட்டி முதலில் மஞ்சளில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆயில் பேஸ்டல் இதில் ஒரு தனி ரகம். காயாத எண்ணெயும் மெழுகும் நிறமியும் சேர்ந்தது, தொட்டாலே அப்பிக்கொள்ளும். இது முதலில் வந்தது 1920களில் ஜப்பானில், சகுரா நிறுவனத்திடமிருந்து, பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து. ஓவியர்களுக்கென்று உயர்தர ஆயில் பேஸ்டலை பிரான்சின் சென்னலியே நிறுவனம் பிக்காசோவுக்காகத் தயாரித்தது 1949-ல். அதாவது பிள்ளைகள் கையிலிருந்துதான் அது பெரியவர்கள் கைக்குப் போயிருக்கிறது. தடம் விடும் கணக்கில் பார்த்தால் இரண்டரை வயதுக்கு மேல் இதை மிஞ்ச வேறு குச்சி இல்லை. குறை ஒன்றே ஒன்று: எப்போதுமே முழுதாகக் காயாது. வரைந்த தாளை மடித்து வைத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், சட்டைக் கையில் தேயும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்த வீட்டுக்கு நல்ல பொருள்.

சரி, எத்தனை நிறம்? இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கிரயோலா பெட்டி 1903-ல் வந்தபோது அதில் இருந்தவை எட்டு: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. பின்பக்கம் ஷார்ப்னர் வைத்த 64 நிறப் பெட்டி 1958-ல்தான் வந்தது. எட்டை வைத்துக்கொண்டு நாலைந்து வயது வரை தாராளமாக ஓட்டலாம். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு ஒருமுறை 4 பொம்மைகளும் இன்னொருமுறை 16 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதங்களில் விளையாடினார்கள். அது பொம்மைகளைப் பற்றியது, கலரைப் பற்றியதல்ல. ஆனால் 64 குச்சிகளின் நடுவே உட்கார்ந்து எதை எடுப்பது என்று தெரியாமல் பெட்டியை அடுக்கி அடுக்கிக் கலைக்கிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு ஆச்சரியம் தராது. பெரிய பெட்டி பரிசாக வந்துவிட்டால் என்ன செய்வது? பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அலமாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

உடைந்த கிரேயானைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். அது இன்னும் உபயோகமான பொருள். கட்டைவிரல் நகத்தளவுக்குக் கொஞ்சம் பெரிய துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிகளால்தான் பிடித்தாக வேண்டும். கைத்திறன் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கிரேயானை உடைத்துக் கொடுப்பது இதனால்தான். மேலே சுற்றிய தாளை உரித்துப் படுக்கவைத்து இழுத்தால் அகலமான பட்டையாகக் கலர் விழும். வரையும் தாளுக்கு அடியில் இலையோ வலையோ வைத்துத் தேய்த்தால் அச்சு எடுக்கலாம். வாயில் போடுகிற வயதுக் குழந்தைக்கு மட்டும் இந்தத் துண்டுகள் ஆகாது. அமெரிக்க விதியில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பொருள். அந்த வயதுக்கு உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவக் கிரேயான்களும் கட்டைக் கிரேயான்களும் தனியாகவே கிடைக்கின்றன.

ஈரக் கலருக்கு வருவோம். விரலால் பூசும் கலருக்கு அழுத்தமே வேண்டாம் என்பதால் ஒரு வயதிலிருந்தே அது முதலிடத்தில் இருக்கலாம். வில்லையாக வரும் வாட்டர் கலர் எதிர்முனை. அதை ஈரத்தால் இளக்கி, பிரஷில் ஏற்றி, நீரின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். ஐந்து வயதுக்கு முன் அதில் பெரும்பாலும் கிடைப்பது கலங்கல் தண்ணீரும் கிழிந்த தாளும்தான். இடையில் இருப்பது கெட்டியான போஸ்டர் கலர், டெம்பரா வகை. பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, அகலமான தட்டைப் பிரஷைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பிரஷின் கைப்பிடி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். ஓவியர்களின் நீளப் பிரஷ், படத்தை நிறுத்தும் சட்டத்துக்குத் தள்ளி நின்று தீட்டுவதற்காகச் செய்தது, பிள்ளை கையில் அது கண்ணைக் குத்தும்.

அக்ரிலிக் மட்டும் வேண்டாம் என்பேன். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கழுவினால் போகும். காய்ந்துவிட்டால் அது ஒரு பிளாஸ்டிக் படலம், தண்ணீருக்கு மசியாது. துணி, தரை, தலைமுடி எதில் பட்டாலும் தங்கிவிடும். கடையில் அக்ரிலிக்கும் போஸ்டர் கலரும் ஒரே மாதிரிக் குப்பியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அதனால் அட்டையைப் படித்து எடுங்கள். 'வாஷபிள்' என்று போட்டிருப்பதற்கும் எல்லை உண்டு. தோலிலிருந்தும் பெரும்பாலான துணிகளிலிருந்தும் போகும் என்பதே அதன் உத்தேசம். பூசிய சுவர், மெருகேற்றாத மரம், பட்டு, கம்பளிக்கெல்லாம் அந்த உறுதி கிடையாது.

எத்தனை பாட்டில் வாங்குவது என்று கேட்டால் ஐந்து போதும். ஆனால் ஐந்தையும் ஒரே நேரத்தில் மேசையில் வைக்கக் கூடாது. மூன்று கலர் ஒன்றாகச் சேர்ந்தாலே சாணி நிறம். நாலைந்து நிமிடத்தில் தாள் முழுக்க அதுதான் இருக்கும், குழந்தையும் உதட்டைப் பிதுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மட்டும். மஞ்சளும் நீலமும் வைத்தால் அவை சந்திக்கும் இடத்தில் பச்சை தானாக முளைக்கும். யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மஞ்சளை முதலில் பூச விட்டு, அதன்மேல் நீலத்தைத் துளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நீலக் கிண்ணத்தில் ஒரு கரண்டி மஞ்சளைக் கொட்டினாலும் அது அசையாது, மஞ்சள் கிண்ணத்தில் நீலம் ஒரு சொட்டு விழுந்தால் போதும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். வீட்டில் செய்து பார்த்தால் அழுக்குக் கத்தரிக்காய் நிறம் வரும். காரணம், சாதாரணப் பெட்டியில் வரும் சிவப்பில் மஞ்சள் சாயல் இருக்கும்; மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் கூடிவிடுவதால் நிறம் மங்கிவிடுகிறது. சிவப்புக்குப் பதில் மெஜந்தா கிடைத்தால் வாங்குங்கள், ஊதா பளிச்சென்று வரும். வெள்ளையைப் பெரிய பாட்டிலாக எடுங்கள், அதுதான் முதலில் தீரும். கறுப்பு கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

இவ்வளவுக்கும் அடியில் தாள் ஒன்று இருக்கிறது, பட்ஜெட்டில் எல்லோரும் கடைசியாக நினைப்பது. என்னைக் கேட்டால், கையில் இருக்கும் காசில் பாதியைத் தாளுக்கே ஒதுக்கச் சொல்வேன். ஜெராக்ஸ் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் எடை. கிரேயான் கிறுக்கலுக்கு அது போதும், கட்டாக வாங்கினால் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம். ஈரக் கலரை அதில் பூசினால் சுருண்டு மேடு பள்ளமாகும். அதே இடத்தில் மூன்று முறை தேய்த்தால் நார் திரண்டு ஓட்டை விழும். போஸ்டர் கலருக்கு 150 கிராமுக்கு மேலும், வாட்டர் கலருக்கு 200 முதல் 300 கிராமும் வேண்டும். அளவும் முக்கியம். தோளிலிருந்து கையை வீசுகிற குழந்தைக்கு ஏ4 தாள் ஒரு வீச்சுக்குக்கூடக் காணாது, அப்புறம் மேசையில் கோடு போட்டுவிட்டது என்று திட்டுவதில் நியாயமில்லை. ஏ3 வையுங்கள், அல்லது பொருள்கள் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். நான்கு மூலையிலும் டேப் ஒட்டினால் தாள் நகராது. சுவரிலோ கதவிலோ நிமிர்த்தி ஒட்டினால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நிற்கும். பின்னாளில் பென்சில் பிடிக்கத் தேவையான வாகு அது. அழகான அட்டை போட்ட கெட்டித்தாள் நோட்டு ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு "வீணாக்காதே" என்று சொல்வதைவிட, எண்ணிக்கை தெரியாத அளவுக்கு மலிவான தாள் இருப்பது எவ்வளவோ மேல்.

இனி அட்டையில் இருக்கும் பாதுகாப்பு வாசகங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'ஏஎஸ்டிஎம் டி-4236-க்கு உட்பட்டது' என்ற வரி பல பொருள்களில் இருக்கும்; ஏஎஸ்டிஎம் என்பது தரங்களை வகுக்கும் ஒரு அமெரிக்க அமைப்பு. படிப்பவர்கள் இதை நஞ்சற்றது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தரம் சொல்வது வேறு: பொருளின் கலவையை ஒரு நச்சியல் நிபுணர் பார்த்து, நாள்பட்ட தீங்கு ஏதும் இருந்தால் அதற்கான எச்சரிக்கை அட்டையில் போடப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த ஓவியக் கலரும் எச்சரிக்கையோடு அந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டம் இந்த வரியைக் கட்டாயமாக்கியது. எச்சரிக்கை வாசகம் எதுவும் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் படிக்கும் முறை. கலைப்பொருள் உற்பத்தியாளர்களின் அமைப்பு ஒன்று தரும் 'ஏபி' முத்திரை, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யும் அளவில் நச்சு இல்லை என்று மதிப்பிடப்பட்டதற்கு அடையாளம். ஐரோப்பாவின் ஈஎன் 71 பொம்மைகளுக்கான தரம். அதன் மூன்றாம் பகுதி, பொருளை விழுங்கினால் ஈயம், காட்மியம் போன்றவை எவ்வளவு வெளியேறலாம் என்று வரம்பு வைக்கிறது. வாயில் வைத்துப் பார்க்கிற வயதுக்கு இந்த மூன்றாம் பகுதியே நேரடியாக விஷயத்துக்கு வருகிறது.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயமல்ல. 1994-ல் அமெரிக்காவில், இறக்குமதியான சில கிரேயான்களில் ஈயம் இருந்ததால் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். 2000-ல் பேர்பெற்ற கிரேயான்களிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுவடு இருப்பதாகச் செய்தி வந்தது. உறுதிக்காகச் சேர்த்த டால்க் பொடி வழியே அது வந்திருந்தது. ஆபத்து மிகக் குறைவு என்று அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னாலும், டால்க்கை மாற்ற உற்பத்தியாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வைத்துவிட்டு வருவது நல்லது. உசத்தியானது பாதுகாப்பானது என்ற எண்ணமும் தப்பு. ஓவியர்களுக்கான கலரில் நிறம் நெடுநாள் நிற்பதற்காக காட்மியம், கோபால்ட் நிறமிகளைச் சேர்ப்பது வழக்கம். அதைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தூளாக வரும் கலர், பொடி உதிரும் சாஃப்ட் பேஸ்டல், காய்ந்த களிமண் தூசு இவையும் மூச்சில் போகும் என்பதால் சின்னவர்களுக்கு வேண்டாம். தூள்தான் கிடைக்கிறது என்றால் பெரியவர் தனியாகக் கரைத்து வைத்துவிட்டுக் கொடுக்கலாம். நெடி அடிக்கும் பர்மனென்ட் மார்க்கரும் வேண்டாம். நீரில் ஊறிப் பன்மடங்கு உப்பும் ஜெல் மணிகளைக் கைவேலைப் பொருள் என்று விற்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்குள் அவற்றை நுழையவே விடக் கூடாது.

ஸ்கெட்ச் பேனாவின் மூடியில் ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மை காய்ந்துபோவதற்கு அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. தொண்டையில் மூடி சிக்கினாலும் மூச்சு போய்வர வேண்டும் என்று வைத்த வழி அது. ஐஎஸ்ஓ 11540 என்ற தரம் பேனா மூடிகளுக்காகவே இருக்கிறது. மை காய்வதற்கு உண்மையான காரணம் மூடியைச் சரியாக அமுக்காதது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை மூடப் பழக்கினால் போதும். முனை உள்ளே போய்விட்ட பேனாவும் கவலைக்குரியதல்ல, அதை அமுக்கி வரைகிற குழந்தைக்குக் கொஞ்ச காலம் கிரேயானே சரி.

வீட்டில் பிசையும் உப்பு மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்தது என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைப்போம். நுனி நாக்கில் ருசி பார்த்தால் ஒன்றும் ஆகாது. கைப்பிடி அளவு தின்றுவிட்டால் அந்த உப்பு சிறு உடம்புக்குத் தாங்காது, வளர்ப்பு நாய்க்கும் அப்படித்தான். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்குக் கடை மாவிலும் கவனம் வேண்டும், பலவற்றில் அடிப்படையே கோதுமைதான்.

கத்தரிக்கோலை மூன்று வயதையொட்டிக் கொடுக்கலாம். முனை மழுங்கியதாக இருக்கட்டும், வெட்டும் ஓரம் மழுங்கியிருக்கக் கூடாது. வெட்டாத கத்தரிக்கோல் தாளை மடித்துக் கவ்வும், பிள்ளை இன்னும் பலமாக அமுக்கும், கை வழுக்கும். இடக்கைக் குழந்தைக்குத் தனிக் கத்தரிக்கோல் வேண்டும் என்பது விற்பனை உத்தியல்ல. வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் கட்டைவிரலின் இயல்பான தள்ளல் இரண்டு அலகையும் ஒட்டவிடாமல் விலக்கும். மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைக்கும். கைப்பிடி மட்டும் இருபக்கமும் ஒரே வடிவில் இருப்பதை 'இரு கைக்கும்' என்று விற்பதுண்டு. அலகுகள் மாறாவிட்டால் அதனால் பயனில்லை. இடக்கைக்கானதில் மேல் அலகு இடப்பக்கம் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பசைக்கு மெழுகு போல் திருகி எடுக்கும் குச்சி வகையும், தண்ணீரில் கழுவினால் போகும் வெள்ளைப் பசையும் போதும்.

பென்சிலும் கலர் பென்சிலும் ஐந்து வயதுக்கு மேல், குழந்தையே "கோடு ரொம்பத் தடியா வருது" என்று குறைப்படத் தொடங்கும்போது. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயமல்ல. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. அந்தக் கலவையை மாற்றி மாற்றிக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு பிரான்சின் நிக்கோலா ஜாக் கோன்டே 1795-ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் எச் பக்கம், அதாவது கடினம்; கிராஃபைட் கூடினால் பி பக்கம், அதாவது கறுப்பு. எழுதத் தரும் எச்பியைவிட, படத்துக்கு 2பி அல்லது 4பி, லேசாகப் பிடித்தாலே கறுப்பாக விழும். கலர் பென்சிலில் முக்கோண வடிவத்தில், உள்குச்சி தடியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், மேசையிலிருந்து உருளவும் உருளாது. உருண்டு தரையில் விழுகிற ஒவ்வொரு முறையும் மரத்துக்குள் குச்சி இரண்டு மூன்று இடத்தில் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. சீவினால் முனை கழன்று விழும், மறுபடி சீவினால் மறுபடி விழும், பாதிப் பென்சில் குப்பையாகிவிடும். பெரும்பாலும் அப்போது ஷார்ப்னர்மேல்தான் பழி விழுகிறது. தடிப் பென்சிலுக்குத் துளை பெரிதாக உள்ள ஷார்ப்னரும், எல்லாவற்றையும் நிற்கவைக்க அடி கனமான ஒரு குவளையும் கூடவே வாங்கிவிடுங்கள்.